அன்றைக்கு எங்கே கிளம்பினீர்கள்?

தப்பு தன் மேல்தான் என்று முடிவாகிவிட வேண்டும் என வேண்டிக்கொண்டே யாராவது டாக்டரைப் பார்க்கப் படியேறுவார்களா? சின்னவள் ஏறினாள்.

அவளுக்கு முன்னால் அண்ணன். கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றியபடி, ஒவ்வொரு படியிலும் காலை வைக்கும் முன் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டான். கழுத்தில் பட்டை மாட்டியிருந்ததால் தலையைக் குனிய முடியவில்லை. உடம்பையே முன்னால் சாய்த்துப் பார்த்தான். அவனுக்கு ஒரு படி பின்னால் அண்ணி, விழுந்தால் பிடிக்க இரண்டு கைகளையும் நீட்டியபடி வந்தாள். ஆனால் தொடவில்லை. தொட்டால் அவனுக்குக் கோபம் வந்துவிடும்.

"லிஃப்ட் ரிப்பேர்னு கீழயே எழுதி ஒட்டியிருக்கலாம். எலும்பு டாக்டர மாடியில கொண்டுபோய் வச்சவன் யாருன்னு தெரியல" என்று முணுமுணுத்தான் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. சில மாதங்களாகவே அந்த வீட்டில் சிரிப்பு குறைந்துதான் போயிருந்தது.

விபத்து நடந்த நாளை அவர்கள் விபத்து என்று சொல்வதில்லை. 'அன்னிக்கு' என்றால் எல்லோருக்கும் புரியும். அன்றைக்குக் காரை ஓட்டியவள் சின்னவள். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவள். ஸ்டியரிங்கைப் பார்த்தாலே கை நடுங்குகிறவர்களைக்கூட லைசென்ஸ் வாங்க வைத்தவள். தெருவில் பாதிப் பேருக்கு அவள் 'டீச்சர்'. அந்த டீச்சர்தான், சாலையோரம் நின்றிருந்த ஒரு லாரியின் பின்பக்கத்தில் அண்ணனைக் கொண்டுபோய் மோதினாள்.

பக்கத்து இருக்கையில் அண்ணன் அன்றைக்கு ஏனோ உம்மென்று வந்தான். "ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டபடி அவன் பக்கம் திரும்பினாள். திரும்பியது ஒரு கணம்தான். மறுபடி முன்னால் பார்த்தபோது கண்ணாடி முழுக்க லாரி.

ரத்தம் சிந்தவில்லை. காரின் மூக்கு நசுங்கியதோடு தப்பித்தோம் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் போகப் போக அண்ணனின் விரல்கள் அவன் சொன்னதைக் கேட்காமல் போயின. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூவை இடுக்கியால் எடுத்து அதன் இடத்தில் வைக்கிற கை, டம்ளரைக்கூட நழுவவிட்டது. கழுத்து எலும்புக்குள் நரம்புத்தண்டு நெருக்குப்படுகிறது, ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். காரின் இன்சூரன்ஸ் அந்தச் செலவை ஏற்க வேண்டும். கம்பெனியோ ஒரு கேள்வியைப் போட்டு நிறுத்தி வைத்திருந்தது. கழுத்து இப்படி ஆனது விபத்தாலா, இல்லை, காலமெல்லாம் குனிந்து வேலை பார்த்ததாலா?

அதைப் பார்த்துச் சொல்லத்தான் இந்த மாடி டாக்டர்.

விபத்துதான் காரணம் என்றால் ஆபரேஷன் நடக்கும். இல்லையென்றால் கம்பெனி கையை விரித்துவிடும். ஆக, சின்னவள் குற்றவாளி என்று ஆனால்தான் அண்ணனுக்குக் கை பிழைக்கும். அவள் குற்றவாளியாகவே இருக்க ஆசைப்பட்டாள்.

அண்ணியைக் கேட்டால் அதற்கு டாக்டரே தேவையில்லை. விபத்தான அன்றே, ஆஸ்பத்திரி வாசலில், போகிறவர் வருகிறவர் காது கேட்கச் சொல்லிவிட்டாள். "ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறவ. பரீட்சை பாக்க என் புருஷன்தான் கிடைச்சாரா?"

அதற்குப் பிறகு அவள் சின்னவளிடம் நேராகப் பேசவே இல்லை. ஒரே வீடு, கீழே அவர்கள், மாடியில் இவள். பேச்சு எதுவானாலும் அண்ணன் வழியாகத்தான் போய் வரும்.

காத்திருக்கும் அறையிலும் அப்படித்தான். மூன்று நாற்காலிகள். நடுவில் அண்ணன்.

"உங்க தங்கச்சிகிட்ட தண்ணி பாட்டில் இருக்கான்னு கேளுங்க" என்றாள் அண்ணி.

"இருக்குன்னு சொல்லுண்ணா" என்றாள் சின்னவள், பாட்டிலை நீட்டியபடி.

அண்ணன் பட்டை மாட்டிய கழுத்தோடு, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிப் பார்த்தான். "இத்தனை நாளா போன் ரிப்பேர் பண்ணேன். இப்ப நானே போன் ஆயிட்டேன்."

அண்ணியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் வயதான பெண்மணி. மூக்கின் நுனியில் கண்ணாடி. சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் இல்லாதவர் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

"முதல்லயே சொல்லிடறேன். நான் உங்களுக்கு வைத்தியம் பாக்கற டாக்டர் இல்ல. கம்பெனி கேட்ட கேள்விக்குப் பதில் எழுதறதுதான் என் வேலை. அதுக்காக கம்பெனிக்குப் பிடிச்ச மாதிரி எழுத மாட்டேன். உங்களுக்குப் பிடிச்ச மாதிரியும் எழுத மாட்டேன். சரியா?"

"சரிங்க டாக்டர்" என்றான் அண்ணன், பள்ளிக்கூடப் பையன்போல.

முட்டியில் சுத்தியலால் தட்டினார். கால் விசுக்கென்று எகிறியது. தட்டியது என்னவோ மெல்லத்தான். நடு விரல் நகத்தைச் சுண்டினார். தொடாத கட்டை விரல் தானாகத் துள்ளியது. கையை மூடி மூடித் திறக்கச் சொன்னார். அண்ணனின் கை, ஈரத்துணியைப் பிழிகிறதுபோல மெதுவாக மூடி மெதுவாகத் திறந்தது. கயிற்றின் மேல் நடக்கிறதுபோல ஒரு காலுக்கு முன் இன்னொரு காலை வைத்து நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியிலேயே அண்ணன் சுவரைப் பிடித்தான்.

சின்னவள் கண்ணை எடுக்கவில்லை. மாடிக்கும் கீழுக்கும் நடுவே தினமும் பார்க்கிற அண்ணன்தான். ஆனால் இப்படித் துண்டு துண்டாகப் பார்த்ததில்லை.

"சட்டை பட்டனைக் கழட்டித் திரும்பப் போடுங்க" என்றார் டாக்டர்.

கழற்றுவது எப்படியோ முடிந்தது. போடுவதுதான் நடக்கவில்லை. பட்டனைத் துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். வழுக்கியது. மறுபடி கொண்டுபோனான். மேல் உதட்டில் வியர்வை பூத்தது.

அப்போதுதான் அண்ணியின் கை நீண்டது. அவள் நினைத்து நீட்டியதாகத் தெரியவில்லை. பழகிய கை, தானாகப் போய்ப் பட்டனைப் பிடித்து, துளையில் நுழைத்து, காலரையும் ஒருதரம் இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் நின்றது.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "எப்பலேர்ந்து நீங்க போட்டு விடறீங்க?"

"கொஞ்ச நாளா."

"விபத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். இந்தக் கேள்விக்காகத்தான் அவள் ராத்திரியெல்லாம் தயாராகி வந்திருந்தாள்.

"பின்னாடிதான் டாக்டர். அதுக்கு முன்னாடி எங்க அண்ணனுக்கு ஒரு தலைவலிகூட கிடையாது. கல்லு மாதிரி இருந்தான். நான்தான் ரோட்டப் பாக்காம ஓட்டினேன். எல்லாம் என்னாலதான். அப்படியே எழுதிக்கோங்க. வேணும்னா நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

டாக்டர் அவளைத் தடுக்கவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாததுபோல ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு எங்க கிளம்பினீங்க?"

"கடைக்கு ஸ்பேர் வாங்க. டிஸ்பிளே வாங்கணும், மார்க்கெட் பக்கம் விடுன்னு சொன்னான்."

"அப்படியா?" இது அண்ணனிடம்.

அண்ணன் மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவள் அவனைப் பார்த்தாள். சொல்லேன் அண்ணா, ஆமாம் என்று சொல்லேன்.

"இல்ல டாக்டர்" என்றாள் அண்ணி.

"ஏய்..."

"நீங்க சும்மா இருங்க. அவ சொன்னதக் கேட்டீங்கள்ல? இதுக்கு மேல என்னால முடியாது." அண்ணியின் குரல் உடைந்து, பிறகு நிமிர்ந்தது. "ஸ்பேர் வாங்கப் போகல டாக்டர். வேற ஒரு டாக்டரப் பாக்கத்தான் போனார். கை மரத்துப் போகுது, ஸ்க்ரூ நழுவுதுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தார். பட்டன் அப்பவே நான்தான் போட்டு விடுவேன். கையக் காட்டறதுக்கு அன்னிக்குத்தான் நேரம் வாங்கியிருந்தேன். கடைக்குப் போறதா தங்கச்சிகிட்ட சொல்லிட்டு ஏறினார். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

கம்பெனிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கையை விரிக்க அவர்கள் தேடிக்கொண்டிருந்த வார்த்தைகளை அண்ணியே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

சின்னவளின் தோளிலிருந்து பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. எத்தனை நாள்! கீழே அண்ணன் டம்ளரைப் போடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாளே. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கை எழாமல் இருந்தாளே. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுவதைக்கூடக் கவனிக்காமல் எழுந்து வெளியே போனாள்.

வராந்தாவின் கோடியில் ஒரு ஜன்னல். கீழே தெருவில் ஒருவன் பழைய ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தான். சின்னவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் செருப்புச் சத்தம் வந்து, சற்றுத் தள்ளி நின்றது.

"திட்டிடு" என்றாள் அண்ணி. நேராக. நடுவில் யாரும் இல்லாமல்.

சின்னவள் திரும்பவில்லை. "வாசல்ல நிக்க வச்சு அத்தனை பேர் முன்னாடி கேட்டீங்களே அண்ணி. அப்பகூடவா உங்களுக்கு இது ஞாபகம் வரல?"

"வந்துது. அதனாலதான் கேட்டேன்."

இப்போது திரும்பினாள்.

"அவர் போக மாட்டேன்னுதான் சொன்னார்" என்றாள் அண்ணி. "நாளைக்குப் பாத்துக்கலாம், கடையில வேலை கிடக்குன்னு வாசல்லயே நின்னார். நான்தான் விடல. பஸ்ஸுல போக வேண்டாம், தங்கச்சி அந்தப் பக்கமாத்தானே போறா, அவ வண்டியில போங்கன்னு முதுகுல கை வச்சுத் தள்ளி ஏத்திவிட்டேன். அவர் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாருன்னா அது என்னாலதான். போன் வந்ததும் எனக்கு வேற எதுவுமே தோணல. நாமதான் அனுப்பினோம், நாமதான் அனுப்பினோம்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துது. உன்னத் திட்டினா அது கொஞ்ச நேரம் நின்னுது. அப்புறம் திட்டறதே பழகிப் போச்சு."

சின்னவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அதை வைக்க இப்போது இடம் இல்லாமல் போய்விட்டது. எதிரே நிற்பவளின் முகம், பல ராத்திரிகள் தூங்காத முகம். கண்ணாடியில் தினமும் இவள் பார்க்கிற முகமும் அதுதான்.

"இன்னிக்கு ஏன் சொன்னீங்க? ஆபரேஷன் போயிடுமே."

"கையெழுத்துப் போட்டுத் தரேன்னு சொன்னியே. அதுக்கு மேல எப்படி வாய மூடிட்டு உக்காந்திருக்கறது?" அண்ணி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள அந்தம்மா கேட்டுட்டே இருக்காங்க. கால் தள்ளாட ஆரம்பிச்சது எப்பன்னு. அவர் சரியா ஞாபகம் இல்லங்கறார். எனக்குக் கொஞ்ச நாள் கழிச்சுத்தான் தெரியும். குளியலறையில விழப் பாத்தப்போ. கை மரத்தது வேறயாம், கால் தள்ளாடறது வேறயாம்."

சின்னவளுக்கு அன்றைக்கு நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

கால். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு லாரியில் மோதிய பிறகு, அண்ணன் கதவைத் திறந்து இறங்கினான். இறங்கியவன் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டான், எலும்பை உருவி எடுத்தமாதிரி. "கால் இருக்கறதே தெரியல" என்றான். அவளும் அந்த லாரி டிரைவருமாகத்தான் அள்ளி எடுத்து ஓரத்தில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உணர்வு வந்து தானே எழுந்து நின்றான். "உங்க அண்ணிகிட்ட இத மட்டும் சொல்லாத. பயந்து செத்துடுவா" என்றான். ஆஸ்பத்திரியிலும் கழுத்து வலி என்றுதான் சொன்னான். நடந்துதானே போனான், அதனால் யாரும் கேட்கவும் இல்லை.

அவள் அண்ணியைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

சொல்லச் சொல்ல அண்ணன் "விடு சின்னவளே, அது ஒண்ணும் இல்ல" என்று குறுக்கிட்டான். டாக்டர் அவனைக் கையமர்த்தினார். எந்தக் கால், எவ்வளவு நேரம், நின்றபோது தள்ளாடினானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டார். "இங்க பாருங்க. எலும்பு முளை விட்டிருக்கு பாத்தீங்களா? நரம்புத்தண்டு போற வழிய இது குறுக்கிடுச்சு. இது ஒரே நாள்ல வர்றது இல்ல, வருஷக்கணக்கா குனிஞ்சு வேலை பாத்தது. கை மரத்தது அதனாலதான். ஆனா இங்க, இந்த ஜவ்வு பின்னால பிதுங்கி தண்டையே அழுத்துது. இது எப்ப நடந்ததுன்னு படத்துல எழுதியிருக்காது. விபத்து நடக்காம இருந்திருந்தா இப்ப இந்த ஆபரேஷன் வேண்டியிருக்குமா? கம்பெனி கேக்கறது அவ்வளவுதான். கை மட்டும்னா, விபத்தாலதான் இந்த ஆபரேஷன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா மோதின நிமிஷமே கால் போச்சுன்னா, ஜவ்வு அன்னிக்குத்தான் பிதுங்கியிருக்கணும். அது வேற பேச்சு."

"அப்ப எழுதுவீங்களா டாக்டர்?"

"தங்கச்சி சொன்னாங்கன்னு எழுதுவேன். ஆனா அத மட்டும் வச்சு கம்பெனி ஒத்துக்காது." டாக்டரின் குரலில் கடுமை இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நீங்க ஓட்டினவங்க. அவருக்குத் தங்கச்சி. கொஞ்ச நேரம் முன்னாடி, முன்ன ஒண்ணுமே இல்லன்னு என்கிட்ட அடிச்சுச் சொன்னதும் நீங்கதான். உங்க வார்த்தையில எத எடுத்துக்கறதுன்னு அவங்க கேப்பாங்க. குடும்பத்துல இல்லாத ஒருத்தர் பாத்திருந்தா அவர கம்பெனியோட விசாரணை அதிகாரிகிட்ட சொல்லச் சொல்லுங்க. நான் இந்த வாரம் முடியற வரைக்கும் எழுதாம வைக்கறேன். அதுக்கு மேல முடியாது. இன்னொண்ணு. யார் செலவு பண்ணாலும் சரி, இத ரொம்ப நாள் தள்ளாதீங்க. கால் போற போக்கு எனக்குப் பிடிக்கல."

இறங்கும்போது படிகள் இன்னும் செங்குத்தாக இருப்பதுபோலத் தோன்றியது. பாதியில் அண்ணன் நின்றான். இந்தத் தடவை சின்னவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். அவன் உதறவில்லை.

"கை முன்னாடியே மரத்தத, ஆபரேஷன் கெட்டுடும்னுதான் முதல்ல சொல்லல" என்றான். "அப்புறம் சொல்லலாம்னு நினைச்சப்போ, உன் முகத்தப் பாத்து வாய் வரல."

"தினமும் பாத்தியேண்ணா என் முகத்த."

அவன் தலையாட்டப் பார்த்தான். பட்டை விடவில்லை. "பாத்தேன்" என்றான். வேறொன்றும் சொல்லாமல் அடுத்த படிக்குக் காலைத் தேடினான்.

கீழே வந்து அவனை நிழலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ஆட்டோ பிடிக்க இரண்டு பெண்களும் தெருவுக்கு வந்தார்கள்.

"அந்த லாரிக்காரர்" என்றாள் அண்ணி. "அவர்தானே கூடப் பிடிச்சுத் தூக்கினார்? அவரப் போய்க் கேட்டா சொல்ல மாட்டாரா?"

அன்றைக்கு அண்ணனைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுத் தன் துண்டால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டித் தான் கத்தியது இப்போது சின்னவளுக்குக் கேட்டது. 'லைட்டும் போடாம, சிக்னலும் போடாம ரோட்டுல நிறுத்துவியா?' விசாரிக்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பிறகு லாரி முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகக் காதில் விழுந்தபோது, நன்றாக வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

"அவர் வேலையே போயிடுச்சு அண்ணி. நான் சொன்னதாலதான்."

"லைட்டு போடாம நிறுத்தியிருந்தார்னா அது அவர் தப்புதானே?"

ஒரு ஆட்டோ அவர்கள் பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. சின்னவள் கை காட்டவில்லை. அது போய்விட்டது.

"லைட்டு எரிஞ்சுதா இல்லையா?" அண்ணியின் குரல் தணிந்திருந்தது. "உனக்கு நல்லா தெரியும்ல?"

"நான் பாக்கவே இல்ல அண்ணி" என்றாள் சின்னவள்.

அண்ணி புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"முதல்ல அந்த லாரிக்காரர் இப்ப எங்க இருக்கார்னு விசாரிப்போம்" என்றாள். "நானும் வரேன். மன்னிப்பு கேக்கப் போறப்போ ஆபரேஷன் பேச்ச எடுக்காத. அத அவரா கேட்டா மட்டும் சொல்லு."